மேக் 'எரர் 1' என்று நின்றால் எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான்: உபுண்டு லினக்ஸ் 24.04-ல் எஃப்எஃப்எம்பெக் 6.0 என்ற வீடியோ மென்பொருளை சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, கம்பைல் செய்ய வேண்டும். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 இன்ஸ்டால் ஆகியிருந்தும், கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் 'எக்ஸ்264 நாட் ஃபவுண்ட்' என்று நிற்கிறது. எக்ஸ்264 வேண்டாம் என்று விட்டுவிட்டு, கட்டும் வேலையை நடத்தும் மேக் கட்டளையைக் கொடுத்தால், சற்று நேரம் ஓடிவிட்டு 'எரர் 1' என்று நின்றுவிடுகிறது. இணையத்தில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் போட்டுப் பார்த்தும் பலனில்லை. டெர்மினலில் கடைசியாக வந்த சில வரிகளையும் ஒட்டியிருக்கிறீர்கள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். முதலாவதற்கு லிப்எக்ஸ்264-டெவ் என்ற பேக்கேஜை உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஏப்ட் மூலம் போடுங்கள். இரண்டாவதற்கு, 6.0-ஐ விட்டுவிட்டு 6.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பை எடுங்கள். வேலை நடந்துவிடும்.

ஆனால் அடுத்த மாதம் வேறொரு மென்பொருளை கம்பைல் செய்வீர்கள், அங்கே வேறொரு எரர் வரும். அதையும் நீங்களே பிடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சோர்ஸிலிருந்து கட்டும்போது வரும் எரர்களில் பெரும்பாலானவை இரண்டே வகை. தேவையான ஒன்று கணினியில் இல்லை. அல்லது இருக்கிறது, ஆனால் சோர்ஸ் எழுதப்பட்ட காலமும் உங்கள் கருவிகளின் காலமும் ஒத்துப்போகவில்லை. உங்களுக்கு இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கிறது.

முதலில் அந்த 'எரர் 1' பற்றி. அது கம்பைலர் சொல்வது கிடையாது. மேக் ஒரு கட்டளையை ஓட்டியது, அந்தக் கட்டளை தோல்வி என்று எண் 1-ஐத் திருப்பித் தந்தது. மேக் அதை அப்படியே அறிவிக்கிறது, அவ்வளவுதான். என்ன தவறு என்று மேக்குக்கே தெரியாது. ஆகவே அந்த வரியைக் கூகுளில் தேடினால் உலகத்தில் உள்ள எல்லா மென்பொருளின் எல்லாப் பிரச்சினையும் வந்து விழும். நீங்கள் போட்டுப் பார்த்த கட்டளைகள் பலன் தராததற்குக் காரணம் இதுதான். அவையெல்லாம் வேறு யாருடைய நோய்க்கோ எழுதிய மருந்துகள்.

பார்க்க வேண்டியது மேலே, முதலில் வந்த எரரை. ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஒரு ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்றால் அதை நம்பியிருக்கும் ஐம்பது இடங்களில் வரிசையாக எரர் கொட்டும். முதலாவதைச் சரிசெய்தால் மற்ற நாற்பத்தொன்பதும் தானாகப் போய்விடும். கடைசியிலிருந்து சரிசெய்யத் தொடங்கினால் பைத்தியம் பிடித்துவிடும்.

முதல் எரரைக் கண்டுபிடிப்பதை மேக்கின் 'ஜே' ஆப்ஷன் கடினமாக்கும். எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொன்னால் எட்டின் வெளியீடும் கலந்துகட்டி வரும். ஒன்று தோற்ற பிறகும், ஏற்கெனவே தொடங்கிய மற்ற ஏழும் முடிந்துவிட்டுத்தான் மேக் நிற்கும். அதனால் உண்மையான எரர் திரைக்கு மேலே எங்கோ போயிருக்கும். ஒருமுறை தோற்றதும் 'ஜே1' என்று கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஏற்கெனவே கட்டியவற்றை மேக் திரும்பக் கட்டாது; நேராகத் தோற்ற இடத்துக்குப் போய் நிற்கும். கூடவே 'வி=1' என்றும் கொடுங்கள். எஃப்எஃப்எம்பெக் போன்றவை வழக்கமாக 'சிசி' என்றும் கோப்பின் பெயரையும் மட்டும் காட்டும்; வி=1 கொடுத்தால் கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளையும் எல்லா ஆப்ஷன்களோடும் தெரியும். வெளியீட்டை டீ கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டால் நிதானமாகத் தேடலாம். தேடும்போது 'எரர்' என்ற சொல்லை முக்காற்புள்ளியோடு சேர்த்துத் தேடுங்கள், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல். எஃப்எஃப்எம்பெக்கில் எரர்.சி என்றே ஒரு கோப்பு இருக்கிறது. முக்காற்புள்ளி இல்லாமல் தேடினால் அதுவும் வந்து குழப்பும். கம்பைலரான ஜிசிசி அதைச் சிறிய எழுத்தில் தொடங்கும், அசெம்ப்ளியை இயந்திர மொழியாக்கும் அசெம்ப்ளர் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி எக்ஸ்264. 'இன்ஸ்டால் செய்துவிட்டேனே, ஏன் இல்லை என்கிறது?' என்பது நியாயமான கேள்வி. உபுண்டு, டெபியன் இரண்டிலும் ஒரு லைப்ரரியை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மென்பொருளை ஓட்டுவதற்குத் தேவையான பகுதி ஒரு பேக்கேஜில். அதை வைத்து வேறொன்றைக் கட்டுவதற்குத் தேவையான ஹெடர் கோப்பு, கட்டிய துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் தேடும் எஸ்ஓ இணைப்பு, 'பிசி' என்று முடியும் ஒரு சிறு விவரக் கோப்பு ஆகியவை 'டெவ்' என்று முடியும் இன்னொரு பேக்கேஜில். ஃபெடோராவில் அதே பகுதி 'டெவெல்' என்று முடியும். நீங்கள் போட்டது வீடியோவை மாற்றப் பயன்படும் எக்ஸ்264 கட்டளையை மட்டும். கான்ஃபிகர் தேடியது எக்ஸ்264.பிசி என்ற விவரக் கோப்பை. அது உங்கள் கணினியில் இல்லை என்பது உண்மைதான்.

எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று பெயரை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஏப்ட்-ஃபைல் என்ற கருவியைப் போட்டு அதன் பட்டியலை ஒருமுறை அப்டேட் செய்துவிட்டால், 'எக்ஸ்264.பிசி' என்று தேடியதும் பேக்கேஜ் பெயரைச் சொல்லிவிடும். 'இந்த ஹெடர் இல்லை' என்று கம்பைலர் நின்றாலும் இதே வழிதான். இன்னும் பெரிய குறுக்குவழி ஒன்று உண்டு. நீங்கள் கட்டப்போகும் மென்பொருள் உபுண்டுவிலேயே ஒரு பேக்கேஜாக இருந்தால், ஏப்டின் 'பில்ட்-டெப்' கட்டளை அதைக் கட்டத் தேவையான அத்தனை டெவ் பேக்கேஜ்களையும் ஒரே மூச்சில் இறக்கிவிடும். அதற்கு சோர்ஸ் களஞ்சியம் திறந்திருக்க வேண்டும், 24.04-ல் அது உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்பில் 'டைப்ஸ்' வரியில் 'டெப்' என்பதன் பக்கத்தில் 'டெப்-எஸ்ஆர்சி' என்று சேர்ப்பது. பழைய வழிகாட்டிகள் சோர்சஸ்.லிஸ்ட் என்ற கோப்பில் வரிகளைத் திறக்கச் சொல்லும். புதிதாக நிறுவிய 24.04-ல் அந்த வரிகள் அங்கே இருக்காது.

டெவ் பேக்கேஜ் இருந்தும் கான்ஃபிகர் 'இல்லை' என்று சொன்னால், அதன் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். கான்ஃபிகர் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு சின்ன சி நிரலை எழுதி, அதை கம்பைல் செய்து பார்க்கிறது. அந்தச் சோதனை எந்தக் காரணத்தால் தோற்றாலும் 'நாட் ஃபவுண்ட்' என்றுதான் சொல்லும். உண்மைக் காரணம் கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் அது எஃப்எஃப்பில்ட் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதன் அடிப்பகுதிக்குப் போய் மேல்நோக்கிப் படியுங்கள். சோதனை நிரல், அதை கம்பைல் செய்த கட்டளை, கம்பைலர் சொன்ன பதில் மூன்றும் வரிசையாக இருக்கும். இந்தக் கோப்பைத் திறந்து படிக்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டாலே பாதி எரர்களை யாரிடமும் கேட்காமல் தீர்த்துவிடலாம். மற்ற மென்பொருள்களில் 'சி கம்பைலரால் எக்ஸிகியூட்டபிள் உருவாக்க முடியவில்லை' என்ற மிரட்டலான செய்தி வரும்போதும் இதே கோப்பைத் திறந்தால், பல நேரம், கம்பைலருக்கான ஆப்ஷன்களை வைக்கும் சிஃப்ளாக்ஸ் மாறியில் நாமே போட்ட ஒரு எழுத்துப்பிழை அங்கே தெரியும்.

எக்ஸ்264-ஐ நீங்களே சோர்ஸிலிருந்து கட்டியிருந்தால் அது யூஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டருக்குள் போயிருக்கும். பிசி கோப்புகளைத் தேடித்தரும் பிகேஜி-கான்ஃபிக் அங்கே தேடுமா என்பது டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) டிஸ்ட்ரோ மாறும். உபுண்டுவில் தேடும், ஃபெடோராவில் நாமாகச் சொன்னால்தான் தேடும். பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற மாறியில் அந்த ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும். எனேபிள்-ஜிபிஎல் ஆப்ஷன் இல்லாமல் எக்ஸ்264-ஐக் கேட்டால், அதைத் தேடும் முன்பே 'ஜிபிஎல் இயக்கப்படவில்லை' என்று இன்னொரு தடை வரும். அது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, உரிமம் சம்பந்தப்பட்டது. எக்ஸ்264 ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், அதைச் சேர்த்துக் கட்டும் எஃப்எஃப்எம்பெக்கும் ஜிபிஎல் ஆகிவிடும் என்பதை நீங்கள் தெரிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். எனேபிள்-ஜிபிஎல் கொடுங்கள், போதும்.

இப்போது இரண்டாவது சிக்கல். நீங்கள் ஒட்டியிருக்கும் வரிகளில், 'எரர் 1'-க்கு மேலே 'அசெம்ப்ளர் மெசேஜஸ்' என்று ஒரு தலைப்பு இருக்கிறது பாருங்கள். அதற்குக் கீழே மேத்ஆப்ஸ்.ஹெச் கோப்பின் 125-ஆம் வரியில் 'எஸ்ஹெச்ஆர்' என்ற கட்டளைக்கு ஆபரண்ட் (அதற்குக் கொடுக்கும் மதிப்பு) வகை பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வருகிறது. இந்த ஒரு வரியில் முழுக் கதையும் இருக்கிறது.

எஸ்ஹெச்ஆர் என்பது எக்ஸ்86 பிராசஸரில் ஒரு எண்ணின் பிட்டுகளை வலப்பக்கம் தள்ளும் கட்டளை. வேகத்துக்காக எஃப்எஃப்எம்பெக் இதை சி நிரலுக்குள்ளேயே அசெம்ப்ளியாக எழுதியிருக்கிறது. 32 பிட் எண்ணை எத்தனை இடம் தள்ளலாம்? 0 முதல் 31 வரை. பிராசஸரும் தள்ளும் அளவின் கடைசி 5 பிட்டுகளை மட்டும்தான் பார்க்கும். இதை நம்பி 6.0-இல் உள்ள நிரல், எதிர்க்குறி போட்ட எண்ணை அந்த வரம்புக்குள் வெட்டாமலே கொடுத்துவிடுகிறது. பழைய அசெம்ப்ளர் அதைக் கண்டும் காணாமல் விட்டது. அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பைன்யூட்டில்ஸின், 2023 ஜூலையில் வந்த 2.41 முதல் அசெம்ப்ளர் கண்டிப்பாகிவிட்டது. வரம்புக்கு வெளியே உள்ள எண்ணை மறுக்கிறது. எஃப்எஃப்எம்பெக் 6.0 வெளிவந்தது அதே ஆண்டு பிப்ரவரியில். உபுண்டு 24.04-ல் இருப்பது பைன்யூட்டில்ஸ் 2.42. சோர்ஸ் முந்தியது, கருவி பிந்தியது; அதுதான் காரணம். எஃப்எஃப்எம்பெக் குழுவினர் தள்ளும் அளவை கடைசி 5 பிட்டுகளுக்கு வெட்டிக் கொடுக்கும்படி அந்த ஹெடரைத் திருத்திவிட்டார்கள், 6.1-இல் அந்தத் திருத்தம் இருக்கிறது.

இதற்கு, சி நிரலுக்குள் எழுதிய அந்த இன்லைன் அசெம்ப்ளியையே அணைத்துவிடுங்கள் என்றும் யாராவது சொல்லக்கூடும். அணைத்தால் எரர் போய்விடும், உண்மைதான். ஆனால் வேகத்துக்காக எழுதிய பகுதிகளை இழப்பீர்கள். டிஸேபிள்-எக்ஸ்86ஏஎஸ்எம் என்ற இன்னொரு ஆப்ஷன் இந்த எரருக்கு உதவவே உதவாது. அது நாஸ்ம் என்ற வேறொரு அசெம்ப்ளரைக் கொண்டு கட்டப்படும் தனி அசெம்ப்ளி கோப்புகளைத்தான் அணைக்கும். நாஸ்ம் இல்லையென்றால் கான்ஃபிகர் அந்த ஆப்ஷனைப் பரிந்துரைக்கும்போதே 'முடமான பில்ட்' என்று சொல்லித்தான் பரிந்துரைக்கிறது. நாஸ்மை இன்ஸ்டால் செய்வது ஒரு நிமிட வேலை, அதைச் செய்யுங்கள். எந்தக் காரணத்தாலோ 6.0-தான் வேண்டும் என்றால், அந்தத் திருத்தத்தை மட்டும் எஃப்எஃப்எம்பெக்கின் கிட் களஞ்சியத்திலிருந்து பேட்ச்சாக (திருத்தக் கோப்பாக) எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் காலப் பொருத்தமின்மை எஃப்எஃப்எம்பெக்குக்கு மட்டும் உரியதல்ல. 2020-இல் வந்த ஜிசிசி 10, ஒரே குளோபல் மாறியைப் பல கோப்புகள் வரையறுப்பதை ஏற்க மறுத்தது. ஹெடருக்குள் எக்ஸ்டர்ன் போடாமல் மாறியை எழுதிய எத்தனையோ பழைய சி மென்பொருள்கள் 'மல்டிபிள் டெஃபனிஷன்' என்று லிங்கரில் விழுந்தன. எஃப்காமன் ஆப்ஷன் கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும். 2025-இல் வந்த ஜிசிசி 15 சி23 தரத்தை இயல்பாக்கிவிட்டது. இப்போது பூல் என்பது மொழியின் சொந்தச் சொல். தங்கள் வசதிக்கு பூல் என்று டைப்டெஃப் செய்துவைத்திருந்த மென்பொருள்கள் அதில் நிற்கின்றன. ஸ்டாண்டர்ட் ஆப்ஷனில் ஜிஎன்யூ17 என்று கொடுத்தால் தாண்டலாம். அதே ஆண்டு வந்த சிமேக் 4.0 என்ற பில்ட் கருவி, 3.5-க்கு முந்திய பதிப்புகளுக்கான ஒத்துழைப்பை நீக்கிவிட்டது; பழைய திட்டங்களுக்கு சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம் மாறியை 3.5 என்று கொடுக்க வேண்டியிருக்கிறது. பைத்தான் 3.12-இல், பேக்கேஜ்களைக் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் போய்விட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 தன் ஸ்ட்ரக்சர்களின் உட்பகுதியை 2016-இல் மூடிவிட்டது. அதற்கு முந்திய நிரல்கள் 'இன்கம்ப்ளீட் டைப்' என்று இன்றும் புலம்புகின்றன.

இவற்றில் ஜிசிசி 14-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறான அறிவுரை அதிகம் புழங்குகிறது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை ஜிசிசி பல ஆண்டுகளாக எச்சரிக்கையோடு விட்டுவந்தது. 2024-இல் வந்த 14 அதை எரராக்கியது. 'பழையபடி எச்சரிக்கையாக மாற்றிவிடுங்கள்' என்று ஒரு ஆப்ஷனைக் கொடுப்பார்கள். தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது பாயின்டரைத் தருவதாக இருந்தால், 64 பிட் கணினியில் அந்த முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டுப் போகும். பில்ட் வெற்றிகரமாக முடியும். மென்பொருள் ஓடும்போது எங்கோ செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகும், காரணம் தேடி நாட்கணக்கில் அலைவீர்கள். எந்த ஹெடர் விடுபட்டது என்று மேன் பக்கத்தில் பார்த்து அதைச் சேர்ப்பதுதான் சரி. பெரும்பாலும் ஒரே ஒரு இன்க்ளூட் வரி.

எச்சரிக்கைகளையெல்லாம் எரராக்கும் டபிள்யூஎரர் ஆப்ஷன் வேறு விஷயம். அது மென்பொருளை எழுதுபவர்களின் ஒழுங்குக்காக வைத்தது. புதிய கம்பைலர் புதிதாக ஒரு எச்சரிக்கை தந்ததால் மட்டும் நின்றால், அதை அணைத்துவிட்டுக் கட்டுவதில் பொதுவாகத் தவறில்லை.

பழைய சோர்ஸைக் கட்டியே ஆக வேண்டிய கட்டாயத்தில், பலர் எட்டிப் பார்க்காத ஒரு பொக்கிஷம் டிஸ்ட்ரோக்களின் பேட்ச்கள். டெபியனில் பேட்ச் போட்ட பேக்கேஜ்களின் சோர்ஸில் பேட்ச்சஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஆர்ச்சின் பிகேஜிபில்ட், ஃபெடோராவின் ஸ்பெக் கோப்பு இவையும் அப்படியே. உங்களைத் தடுக்கும் அதே எரரை அவர்கள் உங்களுக்கு முன்பே சந்தித்திருப்பார்கள். காரணத்தையும் தலைப்பிலேயே எழுதியிருப்பார்கள்.

லிங்கர் எரர்களுக்கு வருகிறேன். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் கம்பைல் முடிந்துவிட்டது, ஒரு ஃபங்ஷனின் பெயர் தெரியும், அதன் உடல் கிடைக்கவில்லை என்று பொருள். லைப்ரரி விடுபட்டிருக்கலாம், அல்லது கட்டளையில் அதைப் பயன்படுத்தும் கோப்புகளுக்கு முன்னால் எழுதியிருக்கலாம். உபுண்டுவின் லிங்கர் அமைப்பில் வரிசை முக்கியம், லைப்ரரிகள் பின்னால்தான் வர வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது வேறு. கிடைத்த கட்டளைகளையெல்லாம் போட்டதாகச் சொல்கிறீர்கள். அவற்றில் ஏதாவது ஒன்று எக்ஸ்264-ஐயோ வேறெதையோ கட்டி யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் வைத்திருக்கலாம். ஜிசிசி ஹெடரைத் தேடும்போது, உபுண்டு பேக்கேஜ்களின் ஃபோல்டர்களுக்கு முன்பே யூஎஸ்ஆர்/லோக்கலைப் பார்க்கும். ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் லைப்ரரி இன்னொரு பதிப்பிலிருந்தும் வந்தால், எல்லாம் இருந்தும் எதுவும் பொருந்தாது. அந்த ஃபோல்டர்களுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதே காரணத்தால், நீங்கள் கட்டுவதை, கான்ஃபிகரில் ப்ரீஃபிக்ஸ் ஆப்ஷனைக் கொடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் தனியிடத்தில் நிறுவுங்கள். வேண்டாமென்றால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும். மேக்கை ஒருபோதும் சூடோவோடு ஓட்டாதீர்கள்; உருவாகும் கோப்புகள் ரூட்டின் பெயருக்குப் போய், அடுத்த முறை 'பெர்மிஷன் டினைட்' என்று புதிதாக ஒரு தலைவலி தொடங்கும். தனியிடத்தில் நிறுவியது ஓடும்போது 'ஷேர்ட் லைப்ரரி திறக்க முடியவில்லை' என்றால் அது பில்ட் எரர் அல்ல. எல்டிடி கட்டளை எந்த லைப்ரரி காணவில்லை என்று காட்டும். எல்டி_லைப்ரரி_பாத்தில் உங்கள் லிப் ஃபோல்டரைக் கொடுக்கலாம்.

'கில்ட்' என்ற சொல்லோடு சிசி1பிளஸ் (ஜிசிசியின் சி++ கம்பைலர்) நின்றால் நிரலில் எதையும் தேட வேண்டாம். மெமரி தீர்ந்து கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கிறது, டிமெசேஜில் பதிவாகியிருக்கும். ஜே எண்ணைக் குறையுங்கள் அல்லது ஸ்வாப் சேருங்கள். பெரிய சி++ மென்பொருள்களில் இது சகஜம், எஃப்எஃப்எம்பெக்கில் அரிது.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு பழைய மிச்சங்களைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கான்ஃபிகர் செய்த முடிவுகள் கோப்புகளாகத் தங்கியிருக்கும். டெவ் பேக்கேஜைப் போட்ட பிறகும் பழைய 'இல்லை' என்ற முடிவையே சில கருவிகள் நினைவில் வைத்திருக்கும். சிமேக்கில் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிடுவது உத்தமம். எஃப்எஃப்எம்பெக்கில் மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்துவிட்டு கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். கிட்டிலிருந்து எடுத்த சோர்ஸாக இருந்து, ஒரு உள்ஃபோல்டர் காலியாக இருப்பதால் எரர் வந்தால், சப்மாட்யூல்களை (உள்ளே இணைத்த வேறு களஞ்சியங்களை) இறக்கவில்லை என்று அர்த்தம். கிட்ஹப்பின் ஜிப் கோப்பில் சப்மாட்யூல்கள் வரவே வராது.

உங்களுக்கான வரிசை இது. யூஎஸ்ஆர்/லோக்கலைப் பாருங்கள், பில்ட்-எசென்ஷியல், நாஸ்ம், பிகேஜி-கான்ஃபிக், லிப்எக்ஸ்264-டெவ் நான்கும் இருப்பதை உறுதி செய்யுங்கள், 6.1-ஐப் புதிய ஃபோல்டரில் பிரித்து, ப்ரீஃபிக்ஸ், எனேபிள்-ஜிபிஎல், எனேபிள்-லிப்எக்ஸ்264 கொடுத்து கான்ஃபிகர் செய்யுங்கள். அது முடியும்போது காட்டும் பட்டியலில் லிப்எக்ஸ்264 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேக் கொடுங்கள். அப்போதும் நின்றால் ஜே1, வி=1 போட்டு ஓட்டி, முதல் எரருக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி, நீங்கள் கொடுத்த கான்ஃபிகர் கட்டளை, ஜிசிசி பதிப்பு ஆகியவற்றை எழுத்தாக ஒட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதிலிருந்து எதையும் எடுத்துத் தேட முடியாது. கான்ஃபிகரிலேயே நின்றால் கான்ஃபிக்.லாக்கின் கடைசி ஐம்பது வரிகளைப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.